பாவப்பெட்டி மாப்பிள்ளை

இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும், அடுத்த முறை ஒகேனக்கலில் எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் படுக்கும்போது, மசாஜ்காரர் என் கழுத்தைப் பாதி திருப்பிவிட்டு, மீதியை வந்து திருப்புகிறேன் என்று டீ குடிக்கப் போய்விடட்டும். இதற்கு மேல் ஒரு மனிதன் சத்தியம் செய்ய முடியாது.

மரிய ஆனந்தை ஒரு பஸ்ஸுக்கு மாற்றிக்கொண்டார்கள். எங்கே ஆரம்பித்தாலும் அவன் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும் என்பதால் அதையே முதலில் சொல்லிவிடுவது நல்லது. கனடா தேசத்தில் ஒரு ஐஸ் ஹாக்கி டீம்காரன் இவனைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இன்னொரு டீம்காரனிடமிருந்து ஒரு பஸ்ஸை வாங்கிக்கொண்டான். புது பஸ்ஸாக இருந்தால்கூட மனசை ஆற்றிக்கொள்ளலாம். பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்த பஸ் அது. பென்னாகரம் சந்தையில் மாடு மாற்றுகிறவன்கூட பல்லைப் பிடித்துப் பார்த்து, துண்டுக்கடியில் விரலைப் பிடித்து, அரை நாள் முறைத்துக்கொண்டு நின்றுதான் மாற்றுவான். இவன் பல்லை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை. பிடித்திருந்தால் கையோடு வந்திருக்கும், அது வேறு விஷயம். எல்லாம் ஃபோனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். பழைய டீம்காரர்கள் இவனை இறக்கிவிட்டு, அந்த பஸ்ஸில் ஏறிக் கிளம்பினார்கள். புது டீம்காரர்கள் வாசலில் வரிசையாக நின்று கண்கலங்கக் கையாட்டினார்கள். இவன் நமக்குத்தான் வரவேற்பு என்று நினைத்துப் பதிலுக்குக் கையாட்டினான். அவர்கள் ஆட்டியது பஸ்ஸுக்கு.

இந்த அநியாயத்தை எந்தப் பேப்பரும் போடவில்லை. மாங்காய் லாரி கவிழ்ந்தால் படத்தோடு போடுகிறார்கள்.

மரிய ஆனந்த் அதியமான்கோட்டைக்காரன். அவன் அப்பா சின்னப்பனுக்கு நாலுவழிச் சாலையோரம் இருந்த ஐஸ் கம்பெனியில் ஐஸ் பார் ஏற்றி இறக்குகிற வேலை. மீன் வண்டிக்கும் ஜூஸ் கடைக்கும் அங்கேயிருந்துதான் ஐஸ் போகும். அந்தக் கம்பெனித் தரையில் சித்திரை வெயிலிலும் ஒரு விரல் கனத்துக்கு ஐஸ் உறைந்து கிடக்கும். அப்பாவுக்கு ஒத்தாசைக்குப் போன மரிய ஆனந்துக்கு ஒவ்வொரு நாளும் வழுக்கி விழுந்து இடுப்பு வீங்கியது. கோபம் வந்து, தேய்ந்துபோன கதிர் அருவாள் இரண்டை எடுத்துக் கொல்லரிடம் கொடுத்து நிமிர்த்தி, லாரி டயர் செருப்பின் அடியில் பதித்துக்கொண்டான். மறுநாளிலிருந்து அவனை யாராலும் பிடிக்க முடியவில்லை. ஐஸ் பாரைக் கொக்கியால் தள்ளிக்கொண்டு, எதிரே வருகிற லோடுமேன்களுக்கு இடையில் பாம்பு மாதிரி நெளிந்து போய், லாரி வாசலில் சரக்கென்று திரும்பி நிற்பான். நிற்கும்போது எழும்புகிற ஐஸ் தூள் டிரைவர் முகத்தில் அடிக்கும். டிரைவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் அடிக்கச் சொல்வார்கள். அவ்வளவு வெயில்.

ஒகேனக்கல் போகிற வழியில், பீர்ப் பெட்டிக்கு ஐஸ் வாங்க ஒரு வெள்ளைக்காரர் அங்கே காரை நிறுத்தினார். ஐஸை மறந்து வாயைப் பிளந்தபடி நின்றார். அவருடைய மச்சான் கனடாவில் ஒரு ஐஸ் ஹாக்கி டீமுக்குக் கோச். என்ன ஆட்டம் ஆடுவாய் என்று கேட்டார். மரிய ஆனந்த் உள்ளதைச் சொன்னான். கபடி ஆடுவேன், ரைடர் என்றான். வெள்ளைக்காரருக்கு அது ஃபைட்டர் என்று காதில் விழுந்தது. மச்சானிடம் அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒரு எழுத்து பிசகி ஒருவன் வாழ்க்கை எப்படித் திசை மாறியது பாருங்கள். மரிய ஆனந்த் இன்றைக்கும் யார் ‘ரைடர்’ என்று சொன்னாலும் ஒரு முறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறான்.

கனடாவில் டிவியில் காட்டுகிற பெரிய லீக் ஒன்று உண்டு. அதற்குக் கீழே ஒன்று. அதற்கும் கீழே ஒன்று. அதற்கும் கீழே, கிணற்றில் தூர் வாருகிற இடம் என்று சொல்வோமே, அந்த ஆழத்தில் இருந்த லீக்கில் மரிய ஆனந்தைச் சேர்த்தார்கள். டீம் சட்டையில் நீர்நாய் மாதிரி ஒரு மிருகம் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். ஃபோட்டோவைப் பார்த்த ஊர்க்காரர்கள் அதைப் பெருச்சாளி என்றே முடிவு செய்தார்கள். சின்னப்பன் மகன் கனடாவில் பெருச்சாளி டீமில் இருக்கிறான் என்று பேச்சாகிவிட்டது. எலி பிடிக்கிற வேலையா என்று இரண்டு பேர் ஆள் எடுக்கிறார்களா என விசாரித்தும் போனார்கள்.

முதல் நாளே கோச் அவனைத் தனியே கூப்பிட்டு வேலையை விளக்கினார். “நீ பக்கை அடிக்க வேண்டியதில்லை. பக்கை அடிக்கிற நம்மாளை அடிக்க ஒருத்தன் வருவான். நீ அவனை அடிக்கணும்.” பக் என்பது அந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக இருக்கிற கறுப்பு வில்லை. ஆக, ஆட்டத்தில் ஒருத்தன் ஆட்டத்தைத் தொடவே கூடாது, ஆளைத்தான் தொட வேண்டும். இதற்கு அவர்கள் இங்கிலீஷில் மரியாதையாக ஒரு பேர் வைத்திருந்தார்கள். தமிழில் ஒரே பேர்தான். அடியாள்.

“நான் நல்லா ஓடுவேன் சார். திரும்புவேன். ஒரு தடவை விட்டுப் பாருங்க,” என்று மரிய ஆனந்த் கேட்டுக்கொண்டேதான் இருந்தான். கோச் அவன் தோளைத் தட்டி, எதிர் டீமில் அன்றைக்கு யார் மண்டை கெட்டி என்று காட்டுவார்.

அவனுக்கு இயல்பாகக் கோபம் வராது. அதற்கும் அவர்களே ஏற்பாடு செய்தார்கள். ஆட்டக்காரர்கள் பேரை மைக்கில் படிக்கிறவர் முதல் ஆட்டத்திலேயே ‘மரியா’ என்று நீட்டினார். மாதாவின் பேரை ஆம்பிளைப் பிள்ளைக்கு வைப்பது நம் பக்கத்துப் பங்குக் கோயில்களில் சாதாரணம். அங்கே மரியா என்றால் பெண். தங்குகிற இடத்தில் அவனுக்கு லேடீஸ் ஹாஸ்டலில் கட்டில் போட்டு, தலையணை மேல் பூ வேறு வைத்திருந்தார்கள். ஐஸில் இறங்கியதும் எதிர் டீம்காரன் ஒருத்தன் அருகில் வந்து, “ஹலோ மரியா,” என்று காற்றில் முத்தம் கொடுத்தான். அப்புறம் நடந்ததற்கு மரிய ஆனந்த் பொறுப்பில்லை. அந்த முத்தக்காரனுக்கு வாயில் எத்தனை பல் இருந்ததோ அதில் பாதியை ஐஸைச் சுரண்டுகிற வண்டி அள்ளிக்கொண்டு போனது.

அடித்தால் உள்ளே உட்கார வைப்பார்கள். ஐஸுக்குப் பக்கத்திலேயே கண்ணாடி போட்ட ஒரு கூண்டு. தப்புச் செய்தவன் அதில் சில நிமிஷம் உட்கார்ந்து எழுந்து வர வேண்டும். அந்தக் கூண்டுக்கு அவர்கள் செல்லமாக வைத்திருந்த இங்கிலீஷ் பேரை அப்படியே எடுத்தால் பாவப்பெட்டி என்று வரும். ஒரு நாள் அம்மா ஆரோக்கியம்மாள் ஃபோனில், “சாயங்காலமெல்லாம் எங்கடா இருந்த, நாலு தடவை அடிச்சேன்,” என்றாள்.

“ஆட்டம்மா. என்னைப் பாவப்பெட்டியில உக்கார வெச்சிட்டாங்க.”

அந்தப் பக்கம் அதை, கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லுகிற பெட்டி என்று நினைத்துக்கொண்டு ஆரோக்கியம்மாள் அழுதுகொண்டிருந்தாள். “அந்த ஊர்ல ஆட்டத்துக்கு நடுவுலகூட பாவசங்கீர்த்தனம் வெச்சிருக்காங்களா சாமி. நல்ல ஊர்டா. தினமும் உக்காருடா.”

அவன் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தான். லைன் கட்டாகிவிட்டது. கட்டாகாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இத்தனை வருஷத்தில் அவன் ஒரே ஒரு கோல் போட்டான். அதைப் பற்றிப் பேசினால் அவன் குரல் இன்னும் நடுங்கும். யாரோ அடித்த பக் யாரோ ஒருத்தன் காலில் பட்டுத் திரும்பி, கோலுக்கு முன்னால் எதிராளியின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த இவன் பின்பக்கத்தில் மோதி, உள்ளே போய் விழுந்தது. சட்டப்படி அது இவன் கோல். மைக்கில் படிக்கிறவர் பேரை எடுத்தார், ‘மரியா ஆனா’ வரை வந்தார், நாக்கு புரளவில்லை, பக்கத்தில் நின்ற ஸ்மித் பேரில் போட்டுவிட்டார். ஸ்மித் கையை உயர்த்திக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தான். அந்தப் பயலுக்கு வெட்கமென்று ஒன்று இருந்ததா? ஆட்டத்துக்கு வந்திருந்த அத்தனை ஜனத்தில் ஒருத்தராவது எழுந்து, ஐயா அது அந்தக் கறுப்புப் பையன் பின்பக்கத்தில் பட்டது என்று சொன்னார்களா? சொல்லவில்லை. எதிர்த்துக் கேட்டதற்கு மரிய ஆனந்தைப் பாவப்பெட்டியில் உட்கார வைத்தார்கள். செய்யாத பாவத்துக்கு உட்கார்ந்தது அவனுக்கு அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் பழகிவிட்டது.

அடுத்த மாதம்தான் பஸ். புது டீமின் சட்டையில் கோடாலி படம். அந்த லீக்கே இரண்டு பனிக்காலத்தில் கலைந்தது. முன்பல் இரண்டு இல்லாமல், மூக்கு தர்மபுரியைப் பார்த்தால் முகம் சேலத்தைப் பார்க்கிற மாதிரி, மரிய ஆனந்த் ஊர் வந்து சேர்ந்தான்.

வந்தவனுக்குப் பெண் பார்த்தார்கள். நல்லம்பள்ளி சவுரியப்பன் மகள் பிளசி. தர்மபுரி ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். பெண் பார்க்கப் போன அன்று மரிய ஆனந்த் வாயை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். காபி கொண்டுவந்தவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பல்லு இல்லைன்னு எல்லாருக்கும் தெரியுங்க. சும்மா சிரிங்க,” என்றாள். அந்த நிமிஷத்தில் அவன் முடிவு செய்துவிட்டான். கட்டினால் இவளைத்தான். அவளும் அப்பாவிடம் சரி என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகு தினமும் கடை விட்டு அவள் பஸ் ஏறும்போது எதிர் டீக்கடையில் நின்று, வாய் முழுக்கச் சிரித்துக் காட்டுவதை அவன் ஒரு வேலையாக வைத்துக்கொண்டான்.

நம் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லலாம் என்று. முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாவதும் ஆயிற்று. பூசை முடிந்து வெளியே வந்தபோது ஆரோக்கியம்மாள் சந்தோஷம் தாங்காமல் சம்பந்தியிடம் போனாள்.

“எம்மவனைப் பத்தி நானே சொல்லக் கூடாதுங்க அண்ணா. ஆனா அந்த ஊர்ல இவன் ஒரு ஆட்டத்துக்கு மூணு தடவை பாவப்பெட்டியில உக்காந்து பாவசங்கீர்த்தனம் பண்ணுவானுங்க.”

சவுரியப்பன் சந்தோஷமாகத் தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே வூட்டுக்கு நடந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார். அவர் வருஷத்துக்கு இரண்டு தடவை, கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் பாவசங்கீர்த்தனம் போகிறவர். அதற்கே என்ன பாவம் சொல்வதென்று இரண்டு நாள் யோசிக்க வேண்டியிருக்கும். ஒரு சாயங்காலத்தில் மூன்று தடவை போகிறான் என்றால் அவன் என்னதான் செய்துகொண்டிருந்தான்?

திரும்பி நேராகக் கோயிலுக்கு எதிர் டீக்கடைக்குப் போய் மாப்பிள்ளையைப் பிடித்தார். மரிய ஆனந்துக்குப் பொய் சொல்லத் தெரியாது.

“அந்தப் பாவப்பெட்டியில எதுக்குப்பா உன்னை உக்கார வெச்சாங்க?”

“அடிதடிக்குங்க மாமா.”

“அடிதடி எதுக்கு?”

“அதுக்குத்தாங்க என்னை வேலைக்கு வெச்சதே.”

சவுரியப்பன் டீயை வைத்துவிட்டு எழுந்தார்.

அடுத்த ஞாயிறு மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. பெண்ணைப் பெற்றவரே போய்த் தடை சொல்லியிருந்தார். பங்கின் சரித்திரத்திலேயே அப்படி ஒன்று நடந்ததில்லை என்று மணியடிக்கிற கோயில் பிள்ளை சொன்னார். பூசைக்கப்புறம் சாமியார் இரண்டு குடும்பத்தையும் தன் அறையில் உட்கார வைத்தார். சாமியார் நல்ல மனிதர், எதையும் எழுதி வைத்துக்கொண்டு பேசுகிறவர்.

“சாமி, இவன் வெளிநாட்டுல அடியாளா இருந்திருக்கான்,” என்றார் சவுரியப்பன். “முதல்ல ஏதோ பெருச்சாளி கும்பல். அப்புறம் கோடாலிப் படம் போட்ட சட்டை, மரம் வெட்டுற கும்பலாம். நம்ம காட்டுப் பக்கம் மரம் வெட்டுறவனை ஃபாரஸ்ட்காரன் என்ன பண்ணுவான்னு சாமிக்கே தெரியும். கணக்கில்லாம உள்ள போயிருக்கான். கேளுங்க, இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க.”

சாமியார் மரிய ஆனந்தைப் பார்த்தார். “இல்லைன்னு சொல்லுப்பா.”

மரிய ஆனந்த் யோசித்துப் பார்த்தான். பெருச்சாளி உண்மை. டீம் பேர் மரவெட்டிகள், அதுவும் உண்மை. அடியாள் உண்மை. உள்ளே போனது உண்மை. ஒவ்வொன்றும் உண்மையாக இருந்து, மொத்தமாகச் சேர்த்தால் பொய்யாகிற இந்தச் சங்கடம் எந்த மனிதனுக்கும் வரக் கூடாது. “சாமி, அது விளையாட்டுங்க,” என்றான்.

“எந்த ரவுடியும் அப்பிடித்தான் சொல்வான். விளையாட்டுக்கு அடிச்சேம்பான்,” என்றார் சவுரியப்பன்.

நிரூபிக்கிறேன் என்று அவன் செல்ஃபோனில் ஒரு வீடியோவைப் போட்டது இன்னும் தப்பாகப் போயிற்று. அதில் அவன் எதிராளியின் சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, மாவு பிசைகிற மாதிரி குத்திக்கொண்டிருந்தான். சுற்றிலும் ஜனம் கண்ணாடியைத் தட்டிக் குதித்தது. சாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சட்டை மாட்டிக்கிச்சு போல. கழட்டி வுடறான் பாருங்க,” என்றாள் ஆரோக்கியம்மாள்.

“அடி வாங்கினவரு எழுந்து இவரு முதுகுல தட்டிட்டுப் போறாரு பாருங்கப்பா,” என்றாள் பிளசி.

“அடையாளம் வெச்சுக்கிறான். அப்புறமா வந்து பார்த்துக்கலாம்னு.”

“நீங்க சும்மா இருங்கப்பா.” பிளசி மரிய ஆனந்தின் பக்கம் திரும்பினாள். “ஆட்டம்னா கோல் போடணும் இல்லீங்களா. நீங்க கோல் போட்டிருக்கீங்களா?”

மரிய ஆனந்த் ஸ்மித் கதையைச் சொன்னான். பின்பக்கம் என்ற இடத்தில் சாமியார் முன்னால் கொஞ்சம் தயங்கினான், ஆனாலும் சொன்னான். முடித்தபோது முகம் மிளகாய்ப்பழம் மாதிரி ஆகியிருந்தது. பிளசி சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள்.

“அப்ப ஆடிக் காட்டுங்க,” என்றாள். “எங்கப்பா பார்க்கட்டும். பார்த்துட்டும் ரவுடின்னு சொன்னாருன்னா நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

“வைகாசி மாசத்துல இங்க எங்கம்மா ஐஸ்?” என்றார் சவுரியப்பன்.

அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் துண்டைக் கசக்கிக்கொண்டிருந்த சின்னப்பன் எழுந்தார். “ஐஸுக்கு நான் பொறுப்பு சம்பந்தி.”

அதியமான்கோட்டை பெரியண்ணனுக்கு நெல் காயப்போடுகிற சிமெண்ட் களம் ஒன்று உண்டு. ஊரில் பெரிய களம். அவரே பெரிய மனசு பண்ணிக் கொடுத்தார். விடிவதற்குள் சின்னப்பனும் லோடுமேன்களும் ஐஸ் பார்களைக் களம் முழுக்கப் பாய் விரித்த மாதிரி அடுக்கி, இடுக்கில் உப்பும் ஐஸ் தூளும் போட்டு இறுக்கிவிட்டார்கள். வெயில் ஏற ஏறக் களத்திலிருந்து மூடுபனி கிளம்பியது. நாலுவழிச் சாலையில் லாரிகள் லைட்டைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. பக்கத்துத் தோப்பில் மாமரங்கள் மார்கழி வந்துவிட்டதென்று மறுபடியும் பூவெடுத்தன. பெரியண்ணன் வூட்டுக் கோழி அன்றைக்கு இட்ட முட்டையை உடைத்தால் சிந்தவில்லை, செங்கல் மாதிரி நின்றது.

அதியமான்கோட்டைக்கும் நல்லம்பள்ளிக்கும் மேட்ச். மட்டைக்குத் தென்னை மட்டை, அடியில் வளைந்தே இருப்பதால் கனடா மட்டைக்கு ஒன்றும் குறைச்சலில்லை. பக்குக்கு நல்ல வட்டமாகத் தட்டிய வரட்டி ஒன்றை ராத்திரியே ஐஸ் தொட்டியில் போட்டு எடுத்திருந்தார்கள். இரும்பு மாதிரி இருந்தது. மரிய ஆனந்த் தன் பழைய கத்திச் செருப்பையும் கையுறையையும் மாட்டிக்கொண்டான், மற்ற எல்லோரும் காலில் சாக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். பாவப்பெட்டிக்கு, பிராய்லர் கோழி ஏற்றுகிற கூண்டு வண்டி ஒன்றைக் கொண்டுவந்து ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். பிளசி அதில் சாக்பீஸால் பாவப்பெட்டி என்று பேர் எழுதி வைத்தாள்.

ரெஃபரி பெரியண்ணன். களம் அவருடையது என்பதால் யாரும் மறுக்க முடியவில்லை. முந்தின நாள் மரிய ஆனந்த் விதிகளை எல்லாம் பொறுமையாக அவருக்குச் சொல்லிக் கொடுத்தான். அவர் ஞாபகத்தில் நின்றது ஒன்றே ஒன்றுதான். ஒருத்தன் விழுந்தால், பக்கத்தில் நிற்கிறவனைக் கூண்டுக்குள் போடு.

நல்லம்பள்ளி டீமில் ஒரு ஆள் குறைந்தது. கோல் காக்க யாருமில்லை. வேடிக்கை பார்க்க வந்த சவுரியப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். “இவன் யோக்கியதையைக் கிட்டத்துல இருந்தே பார்த்துக்கிறேன்,” என்று மட்டையை வாங்கிக்கொண்டார்.

மரிய ஆனந்த் அன்றைக்கு ஆடிய ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். வருஷக்கணக்காக எந்தக் கோச்சும் அவனை ஆட விடாத ஆட்டம். வரட்டியை மட்டையின் நுனியில் ஒட்டவைத்த மாதிரி தள்ளிக்கொண்டு, நல்லம்பள்ளி மாதையன் காலுக்கு இடையில் புகுந்து, இரண்டு பேரைச் சுற்ற வைத்து, ஒருத்தரையும் தொடாமல், ஒருத்தர் மேலும் உரசாமல் வந்தான். ஜனம் வாயைப் பிளந்தது. பிளசி கூண்டு வண்டி மேல் ஏறி நின்றுகொண்டாள். இனி கோலும் சவுரியப்பனும் மட்டும்தான். அடிக்க மட்டையை ஓங்கினான். காலுக்கடியில் ஐஸ் பார் ஒன்று வெயிலில் இளகி விரிசல் விட்டிருந்தது. அதில் கத்திச் செருப்பு மாட்டி, மல்லாக்க விழுந்தான். வரட்டி தெறித்து வாய்க்காலில் போய் விழுந்தது.

பெரியண்ணன் விசில் ஊதினார். சவுரியப்பனைப் பார்த்துக் கூண்டைக் காட்டினார்.

“நானா? நான் என்ன பண்ணேன்?”

“அவன் விழுந்தான். நீங்கதான் பக்கத்துல நின்னீங்க. ஏறுங்க உள்ள.”

“யோவ், நான் தொடவே இல்லைய்யா.”

“தொட்டவன் எவன் தொட்டேன்னு சொல்லியிருக்கான்? ஏறுங்க.”

நல்லம்பள்ளி, அதியமான்கோட்டை இரண்டு ஊரும் பார்த்துக்கொண்டிருக்க, பேரன் எடுக்கிற வயசில் இருந்த சவுரியப்பனைக் கோழிக் கூண்டில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். யாரோ ‘கொக்கரக்கோ’ என்று கூவினார்கள். சவுரியப்பன் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் தளும்பிவிட்டது, கோபத்தில்.

மரிய ஆனந்த் எழுந்து பார்த்தான். அவனுக்கு இது நல்ல நேரம். எதிர் டீமில் கோல் காக்க ஆளில்லை. இன்னொரு வரட்டியைக் கொண்டுவரச் சொல்லி ஒரு தட்டு தட்டினால் போதும். ஊரறிய, பிளசியறிய, அவன் பேரில், மைக் பிடித்தவன் யாருமில்லாமல், ஒரு கோல். அவன் கோலைப் பார்த்தான். கூண்டைப் பார்த்தான். பிறகு பெரியண்ணனிடம் போனான்.

“அண்ணா, மாமா என்னைத் தட்டலைங்க. நானாத்தான் விழுந்தேன்.”

“ஊதுனது ஊதுனதுதான்.”

“செய்யாததுக்கு ஒரு மனுசனை எப்பிடிங்க உள்ள போடுவீங்க?”

“அத நீ கேக்காத. நீ ஆட்டக்காரன், நான் ரெஃபரி.”

“அப்ப நான் ஆட்டக்காரன் இல்லைங்க. எங்க மாமாவை எறக்கி வுடுங்க.” கையுறை இரண்டையும் கழற்றி ஐஸில் போட்டான். கனடாவில் கையுறையைக் கழற்றினால் அடுத்தது அடி என்று அர்த்தம். பெரியண்ணனுக்கு அது தெரியாது, ஆனால் அவன் மூக்கைப் பார்த்ததும் ஏதோ தெரிந்துவிட்டது. நாலடி பின்னால் போய் நின்றுகொண்டு நீளமாக விசில் ஊதினார்.

“நீயும் ஏறு உள்ள.”

எதிர் எதிர் டீம்காரர்களை ஒரே பெட்டியில் போடுவது உலகத்தில் எங்கேயும் கிடையாது. பெரியண்ணனிடம் இருந்தது ஒரே வண்டி. இரண்டு பேரும் கோழி எச்சத்துக்கு நடுவில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். சவுரியப்பனுக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது.

“தொடவே இல்லைடா நான்,” என்றார்.

“தெரியுங்க மாமா.”

“எல்லாரும் பார்த்துட்டுத்தான இருந்தாங்க. ஒருத்தன் வாயைத் திறந்தானா?”

“தெறக்க மாட்டாங்க மாமா.”

சவுரியப்பன் அவனைத் திரும்பிப் பார்த்தார். “உன்னையும் இப்பிடித்தான் உக்கார வெச்சானுங்களா?”

“ஆமாங்க.”

“செய்யாததுக்கா?”

“பாதி செஞ்சதுக்குங்க. பாதி செய்யாததுக்கு.”

“அந்தப் பாதியை எதுக்குச் செஞ்ச?”

மரிய ஆனந்த் கையை விரித்தான். “நம்மாளு மேல கை வெச்சா சும்மா நிக்க முடியுங்களா?”

சவுரியப்பன் கூண்டுக் கம்பி வழியாகக் களத்தைப் பார்த்தார். அங்கே மாதையன் ஐஸில் சாக்குக் காலோடு தடுமாறிக்கொண்டிருந்தார், பெரியண்ணன் யாரையோ பார்த்து மறுபடி விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். சவுரியப்பனுடைய கழுத்து நரம்பு புடைத்தது.

“கதவைத் தெற,” என்றார்.

“இன்னும் டைம் ஆகலைங்க மாமா. இப்ப எறங்குனா இன்னும் ரெண்டு நிமிசம் சேர்த்துப் போடுவாங்க.”

“அதெல்லாம் வேற வெச்சிருக்கானுங்களா?” சவுரியப்பன் வலையில் முகத்தை ஒட்டி, களத்தோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சாமியாரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “சாமி, நான் சொன்ன தடையை அடிச்சிருங்க. எம்மாப்பிள்ளை மேல ஒரு குத்தமும் இல்லை. அந்த இடத்துல இந்தப் பெரியண்ணன் பேரை எழுதிக்கங்க. இவனுக்கு எந்தப் பங்குலயும் எந்த ஓலையும் வாசிக்கக் கூடாது.”

“அவரு நம்ம பங்கு இல்லைங்களே,” என்றார் சாமியார்.

“அப்ப மாரியம்மன் கோயில்ல சொல்லி வெய்யுங்க.”

கூண்டின் கூரையிலிருந்து பிளசி குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். தலைமுடி கீழே தொங்கியது. “கோல் போடாம எதுக்குங்க வந்து உக்காந்தீங்க? ஆளே இல்லாம சும்மா கெடந்துதே.”

மரிய ஆனந்த் அண்ணாந்து பார்த்து, பல்லில்லாத இடமெல்லாம் தெரியச் சிரித்தான். “எங்க மாமா தனியா இருந்தாருங்க.”

“சரி. மூணாவது ஓலையை அடுத்த ஞாயித்துக்கெழமை வாசிச்சிடுவாங்க. பல்லு மட்டும் கட்டிக்காதீங்க. இப்பிடியே இருங்க.”

அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்கப்பட்டது. தடை சொல்ல யாரும் எழவில்லை. வைகாசி முடிவதற்குள் கல்யாணம் ஆயிற்று. சவுரியப்பன் வாசலில் நின்று வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, செய்யாத குற்றத்துக்கு எங்கள் வீட்டு மாப்பிள்ளையைக் கனடாக்காரன் எப்படியெல்லாம் உள்ளே வைத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பந்தி தொடங்குவது தாமதமானது அதனால்தான்.

ஒரே ஒரு சத்தியம் பாக்கி இருக்கிறது. மரிய ஆனந்த் இதுவரை பாஸ்போர்ட் எடுத்ததில்லை.